வால்பாறைக்கு ஒரு செக்கிங் ரிப்போர்ட்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாக செக்கிங் டேபிளில் நிற்கிறேன். துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று பார்த்து ஃபர்ஸ்ட், செகண்ட்ஸ், ரிஜெக்ட் என்று அடுக்குவதுதான் வேலை. வீட்டில் இட்லியையும் நான் அப்படித்தான் பார்ப்பதாகத் தம்பி சொல்வான். அதனால் இந்த விமர்சனத்தில் நட்சத்திரம் எல்லாம் கிடையாது. எனக்குத் தெரிந்த கணக்கில்தான் போடுவேன்.

கார்த்திகையில் ஒரு சனி, ஞாயிறு போய்வந்தோம். நான், கார் ஓட்டிய தம்பி, ஐந்தாவது படிக்கும் என் மகள், அப்புறம் அப்பிச்சி. அம்மாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் அப்பிச்சி என்போம். வயது எண்பத்து மூன்று. காது மந்தம், நாக்கு மந்தமில்லை. வாலிபத்தில் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை எஸ்டேட் கடைகளுக்கு அரிசி, பருப்பு, கருவாடு ஏற்றிப்போய், இறங்கும்போது தேயிலைப் பெட்டி ஏற்றி வந்த லாரி டிரைவர். பிறகு பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்தோடு உட்கார்ந்தவர் மலை ஏறவே இல்லை. திடீரென்று இந்த வருடம், “என்ற வண்டி போன ரோட்ட ஒருக்கா பாத்துப்போட்டு வந்தர்லாம் அம்மிணி” என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: “நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி பொறப்படற எடத்தையும் பாக்கோணும்.” இந்த இரண்டாவது ஆசைதான் எங்கள் பயணத்தையே மாற்றியது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பாஸ் விஷயம். 2025 நவம்பர் முதல் வால்பாறைக்குச் சுற்றுலா போகிற வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். காசு இல்லை, போனிலேயே எடுத்துவிடலாம். எங்களுக்கு முன்னால் நின்ற காரில் பாஸ் எடுக்காமல் வந்து, சாவடியிலேயே சிக்னல் தேடிக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். அங்கேயே பிளாஸ்டிக்கும் பார்க்கிறார்கள். எங்கள் தண்ணீர் பாட்டில் இரண்டு போயிற்று. அப்பிச்சியின் எவர்சில்வர் தூக்குப்போசியை அதிகாரி தட்டிப் பார்த்துவிட்டு, “இது நல்லதுங்க பெரியவரே” என்று திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்து ரெண்டு நாளும் போசியைக் கையிலிருந்து இறக்கவே இல்லை, மெடல் வாங்கின மாதிரி.

ஆழியாறு அணை 120 அடி. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது கட்டியது. கீழே பூங்கா பக்கம் அணை மீன் வறுத்துத் தருகிறார்கள். காலை பத்து மணிக்கே மசாலா வாசம் ரோட்டை மறிக்கிறது. சாப்பிட்டோம். மீன் ஃபர்ஸ்ட், எண்ணெய் செகண்ட்ஸ். மலை ஏறுவதற்கு முன்னால் குழந்தைகளுக்கு வறுத்த மீன் கொடுக்காதீர்கள் என்பதை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன், விவரம் வேண்டாம்.

ஆழியாற்றைத் தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை இருக்கிறது. உலகத்தில் பாதிப் பேர் இந்த நாற்பதையும் தலையைப் பிடித்துக்கொண்டு எப்போது முடியும் என்று எண்ணுகிறார்கள். எனக்கு இந்த ஊரில் ஆகப் பிடித்தது இந்த நாற்பதுதான். வால்பாறை என்பது ஊரில் தொடங்கவில்லை, முதல் வளைவில் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அணைத்தண்ணீர் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறிக்கொண்டே வந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசியில் யாரோ கீழே போட்டுவிட்டுப் போன கண்ணாடித் துண்டு மாதிரி ஆகிவிடுகிறது.

அதுவரை தூங்கிக்கொண்டு வந்த அப்பிச்சி முதல் வளைவில் கண்ணைத் திறந்தார். கார் சாய்ந்த சாய்விலேயே தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் வாய் மூடவில்லை. அப்போதைய லாரியை ஒரே ஒடிப்பில் திருப்ப முடியாதாம். ஒடித்து, பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்துத்தான் வளைவு ஏற வேண்டும். பின்னால் எடுக்கும்போது வண்டி உருண்டுவிடாமலிருக்க கிளீனர் கையில் மரக்கட்டையோடு சக்கரத்துக்குப் பின்னாலேயே ஓடி வருவானாம். நாற்பது வளைவும் அவன் பாதி தூரம் நடந்தேதான் வந்திருக்கிறான். ரேடியேட்டர் கொதித்தால் பாறையில் ஊறுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுவார்கள். “எந்த வளைவுலீங்க அப்பிச்சி?” என்று தம்பி கேட்டான். “நம்பரெல்லா யாருக்குத் தெரியும், அப்ப பலகையா இருந்துது? பெரிய பாறைக்கு மேல, ரெண்டு மரத்துக்குக் கீழ” என்றார். அப்படிப்பட்ட இடம் வழியில் முப்பது இருக்கிறது.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். வண்டிகள் எல்லாம் நிற்கிற இடம். எல்லோரும் அணையைப் பார்த்து நின்று போட்டோ எடுக்கிறார்கள். நீங்கள் ஒரு தடவை திரும்பி மலைப் பக்கமும் பாருங்கள். நாங்கள் பார்த்தபோது தடுப்புச் சுவருக்கு மேலே, ஒரு ஆள் நிற்கக்கூட இடமில்லாத பாறை விளிம்பில், வரையாடு ஒன்று சாவகாசமாக அசை போட்டுக்கொண்டு நின்றது. நம் மாநில விலங்கு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த என் மகள், “அம்மா, இது நம்ம தோட்டத்து ஆடு மாதிரியே இருக்கு” என்றாள். இருக்கிறதுதான். எங்கள் ஆடு அந்தப் பாறையில் நின்றால் ஒரு நிமிடம் தாங்காது, அவ்வளவே வித்தியாசம். ஒருவர் அதை நோக்கி சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார். அப்பிச்சி கார் ஜன்னலிலிருந்தே போட்ட சத்தத்தில் பாக்கெட் உள்ளே போய்விட்டது. லோம்ஸ் வியூ: ஃபர்ஸ்ட். வளைவு நடுவில் காரை நிறுத்தி ரீல்ஸ் எடுத்தவர்கள்: ரிஜெக்ட். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பது மலை ரோட்டில் அரிச்சுவடி. அதுகூடத் தெரியாமல் ஹாரன் அடிக்கிறார்கள்.

அட்டகட்டி வந்ததும் குளிர் ஆரம்பம். அந்தப் பக்கம் மலைக்குள்ளேதான் காடம்பாறை மின்நிலையம் இருக்கிறது. 400 மெகாவாட். கரண்டு மிச்சமிருக்கிற நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படுகிறபோது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். தம்பி எலக்ட்ரீஷியன், இதைச் சொல்லாமல் விடமாட்டான். ரோட்டிலிருந்து ஒன்றும் தெரியாது.

அதற்கும் மேலே கவர்கல்லில் சாலையோரமாக ஒரு வெள்ளைக்காரர் சிலை. கார்வர் மார்ஷ். ஆனைமலைத் தோட்டங்களின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். அவருக்கு முன்னாலேயே, 1846இல் ராமசாமி முதலியார் என்பவர் இந்த மலையில் காப்பி போட்டுப் பார்த்திருக்கிறார். 1864இல் கர்நாடிக் காப்பி கம்பெனி என்று ஒன்று வந்தது. இரண்டும் நிலைக்கவில்லை. 1875 வாக்கில் இங்கிலாந்து இளவரசர் வேட்டைக்கு வருகிறார் என்று சிப்பாய்களை வைத்து அவசரமாக ரோடு, தங்கும் விடுதி எல்லாம் போட்டார்களாம். கடைசியில் இளவரசர் வரவில்லை, ரோடு மட்டும் மிச்சமானது என்று ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் கம்பெனியிலும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்றால்தான் கக்கூசுக்குக் கதவு போடுவார்கள். 1890களில் நிலம் வாங்கியவர்கள், தோட்ட வேலையில் பழகிய மார்ஷை இங்கே கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம்தான் காடு எஸ்டேட்டாக மாறியது, தேயிலை பிடித்துக்கொண்டது.

இதையெல்லாம் நான் போனில் படித்துச் சொல்ல, அப்பிச்சி சிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவரு பேரு இதானா?” என்றார். அத்தனை வருடம் அந்த வழியே போய்வந்தவருக்குத் தெரியாது. லாரிக்காரர்களுக்கு அது வெறும் ‘செலை’. செலைக்கிட்ட நிறுத்தி பீடி பற்றவைத்து, டயரை உதைத்துப் பார்த்து, அப்புறம் கிளம்புவார்கள். மார்ஷ் துரை இவ்வளவு காலமும் எங்கள் பொங்கலூர், நெகமம், கிணத்துக்கடவு டிரைவர்களுக்கு பீடி ஸ்டாண்டாக இருந்திருக்கிறார். சிலை செகண்ட்ஸ், அதற்குக் கீழே நடந்த பேச்சு ஃபர்ஸ்ட்.

முன்னோடி என்றால் கோடரி எடுத்தவர்களையும் சேர்த்துத்தான் நினைக்கத் தோன்றுகிறது. மேஸ்திரிமார் கூட்டி வந்த சனம் மலேரியாவில் கொத்துக் கொத்தாக விழுந்திருக்கிறது. அதற்குத் தடயம் கல்லாக இல்லை, ஊர்ப் பெயராக இருக்கிறது. வால்பாறையிலிருந்து சின்னக்கல்லார் போகிற வழியில் சிங்கோனா என்று ஓர் ஊர். கொய்னா மருந்து எடுக்கிற மரத்தின் பெயர்தான் அது. மரத்தைப் போட்டார்கள், ஊருக்கு அதுவே பெயராகிவிட்டது. மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாருக்கு நாங்கள் போகவில்லை. கார்த்திகை மழையில் அட்டைக்கு ரத்தம் கொடுக்க அப்பிச்சி சம்மதிக்கவில்லை.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது ரொட்டிக்கடையைச் சொல்லாமல் போக முடியாது. ஆமாம், அது ஊர்ப் பெயர். பஸ்ஸில் போர்டு, பள்ளிக்கூடத்தில் போர்டு எல்லாம் ரொட்டிக்கடை. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எஸ்டேட் சனத்துக்கு முன்காலத்தில் அங்கே ரொட்டி சுட்டு விற்ற கடை இருந்தது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். என் மகள் ஆழியாற்றிலிருந்தே, “ரொட்டிக்கடையில ரொட்டி வாங்கித் தரணும்” என்று வாக்கு வாங்கி வைத்திருந்தாள். இறங்கி மூன்று கடையில் கேட்டோம். பன் இருக்கிறது, வர்க்கி இருக்கிறது, முட்டை போண்டா இருக்கிறது. ரொட்டி இல்லை. மூன்றாவது கடைக்காரர் இந்தக் கேள்வியை இன்றைக்கே நான்காவது தடவை கேட்பவர் போல, “ரொட்டி வேணும்னா வால்பாறை பேக்கரிக்குப் போகணும் பாப்பா” என்றார். ஆனால் அவர் போட்ட டீ இருக்கிறதே! இரண்டு நாளில் நான் குடித்த ஒன்பது டீயில் அதுதான் முதல். பதினைந்து ரூபாய். டஸ்ட் தூள்தான், ஒன்றும் உயர்ந்த இலை இல்லை. ஆனால் டிக்காக்‌ஷன் புதுசு, பால் காய்ச்சிக் காய்ச்சித் திரட்டவில்லை, கிளாஸ் சுடச்சுடக் கழுவியது. மார்க்கெட்டில் ‘எஸ்டேட் ஸ்பெஷல்’ என்று அழகான டப்பாவில் விற்கிற தூள் இரண்டு வாங்கினேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் நிறம் மட்டும்தான். ரொட்டிக்கடையிலேயே அவர் என்ன தூள் போடுகிறார் என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

வால்பாறை ஊர் சின்னது. கீழே பஸ் ஸ்டாண்டு, மேலே மார்க்கெட், அதற்கும் மேலே முருகன் கோயில், நடுவில் ஏறி இறங்குகிற ஒரே ரோடு. அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். ஸ்வெட்டர், ரப்பர் பூட்ஸ், கருவாடு, பலாப்பழம் எல்லாம் ஒரே வரிசையில் விற்கிறார்கள். 2001 கணக்கெடுப்பில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் இருந்த சனம் 2011இல் எழுபதாயிரமாகக் குறைந்துவிட்டது. எஸ்டேட் பிள்ளைகள் படித்துவிட்டு எங்கே போனார்கள் என்று நான் தேட வேண்டியதில்லை, எங்கள் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் இங்கே அசாம், ஜார்க்கண்ட் பக்கத்து ஆட்கள் கொழுந்து பறிக்கிறார்கள். மார்க்கெட்டில் கடைக்கார அம்மா ஒருவர் இந்தியும் தமிழும் கலந்து தக்காளிக்கு விலை சொன்ன வேகத்தைப் பார்த்தால் நம் எக்ஸ்போர்ட் மேனேஜர் தோற்றுவிடுவார்.

சாப்பாடு மலையாள வாசம் அடிக்கும். பரோட்டா நன்றாக இருக்கிறது. மெஸ் ஒன்றில் மதியம் சாப்பிட்ட மத்தி மீன் குழம்பு ஃபர்ஸ்ட். அப்பிச்சி மட்டும் தயிர் கெட்டியாக இல்லை என்று குறை சொன்னார். அவருக்கு எந்த ஊர்த் தயிரும் கெட்டியாக இருக்காது.

இனி தங்கிய இடம். பெயர் சொல்லப் போவதில்லை, வழியும் சொல்லப் போவதில்லை. போட்டோவில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே தனி காட்டேஜ். நேரில் தேயிலைத் தோட்டம் இருந்தது, காட்டேஜும் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் இன்னொரு காட்டேஜின் பின்பக்கச் சுவர் இருந்தது. சுடுதண்ணீர் காலை ஆறிலிருந்து ஏழு வரை என்றார்கள். ஆறு ஐம்பதுக்குத்தான் வந்தது. பத்து நிமிடத்துக்குள் நான்கு பேர். கம்பளியில் ஈர வாடை. செக்கிங்கில் நாங்கள் இதை ‘சாம்பிள் ஒன்று, சரக்கு ஒன்று’ என்போம். சாம்பிள் பீஸ் பிரமாதமாகத் தைத்து அனுப்பிவிட்டு, லாட் முழுக்கக் கோணல். இரவுக்கு மூவாயிரத்து இருநூறு. ரிஜெக்ட். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஜன்னலிலிருந்து வெளியே எடுத்த போட்டோவைக் கேட்டு வாங்குங்கள், உள்ளே எடுத்ததை அல்ல.

ஆனால் அந்த காட்டேஜுக்குப் போகிற வழியில்தான் பயணத்தின் பெரிய விஷயம் நடந்தது. சாயந்திரம் ஆறரை. இருட்டு கட்டிவிட்டது. ரோட்டோரம் ஒரு உயரமான கம்பம், அதன் உச்சியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. தம்பி ஏதோ டவர் விளக்கு என்று ஓட்டிக்கொண்டே போனான். எதிரே கொழுந்துக்காரர்கள் இரண்டு பேர் கையைக் காட்டி நிறுத்தி, “யானை இருக்குதுங்க, லைட்டு எரியறது பாக்கலியா?” என்றார்கள். அதாவது யானைக் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்துக் கம்பத்து விளக்கை எரியவிடுகிறார்கள். செல்போனிலிருந்து அழைத்தே விளக்கைப் போடலாம். பதிவு செய்த சில நம்பர்களிலிருந்து மட்டும் வேலை செய்யும். ஊர் ஆட்களுக்கு போனில் குறுஞ்செய்தியும் போகும். முன்பு கேபிள் டிவியில் கீழே ஓடுகிற எழுத்திலும் போட்டிருக்கிறார்கள், சீரியல் பார்த்துக்கொண்டே யானை எங்கே என்று தெரிந்துகொள்ளலாம். மைசூரிலிருந்து இயங்கும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து செய்த ஏற்பாடு. வேலை விட்டு இருட்டில் வருகிறவர்கள் தெரியாமல் யானைக்கு எதிரே போய் மாட்டிக்கொண்ட ஊருக்கு இதைவிட உபயோகமான விளக்கு இருக்க முடியாது.

நாற்பது நிமிடம் அங்கேயே ஒரு பெட்டிக்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் அவசரமில்லை. கடைக்காரர் இன்றைக்கு எத்தனை உருப்படி, குட்டி எத்தனை என்று போனில் விசாரித்துச் சொன்னார். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்கிற தொனி. அப்புறம் எதிர்ச் சரிவில், தேயிலைக்கு நடுவே, இருட்டைவிடக் கொஞ்சம் அதிக இருட்டாக ஐந்தாறு உருவம் நகர்ந்தது. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சத்தமில்லாமல் போகும் என்று நான் நினைத்ததில்லை. என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்த தடம் காலைவரை இருந்தது. டிக்கெட் இல்லை, கைடு இல்லை, வியூ பாயிண்ட் இல்லை. ஃபர்ஸ்டுக்கு மேலே ஒரு கிரேடு எங்கள் டேபிளில் கிடையாது. ஒரு வேண்டுகோள்: சிவப்பு விளக்கு எரிந்தால் நில்லுங்கள், இறங்கி போட்டோ எடுக்கப் போகாதீர்கள். சிறுத்தையும் இருக்கிற ஊர். பொழுது சாய்ந்த பிறகு குழந்தைகளைத் தனியாக வாசலில் விடவே கூடாது.

ஞாயிறு காலை நல்லமுடி பூஞ்சோலை. எதிரே கேரள மலை, அருவி எல்லாம் தெரியும் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது பனி. ஒரு மணி நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றோம். இடத்தைக் குறை சொல்ல முடியாது, ஹோல்டில் வைக்கிறேன். கருமலை பாலாஜி கோயில் சுத்தம், அமைதி, தேயிலை நடுவே நல்ல நடை. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கூழாங்கல் ஆற்றில் காலை நனைத்தோம். அங்கே கிடந்த பிரியாணித் தட்டுகளைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பினோம்.

அப்புறம் அப்பிச்சியின் இரண்டாவது ஆசை. வெள்ளமலை டனல். வழி கேட்டபோது ஒருவர், “அங்க என்னங்க இருக்குது, தண்ணிதான் வரும்” என்றார். “அதத்தானப்பா பாக்கோணும்” என்றார் அப்பிச்சி.

எங்கள் தோட்டத்துக்கு பிஏபி வாய்க்கால் பாசனம். மண்டலம் வரும்போது வாய்க்காலில் தண்ணீர் வரும், மற்ற நாளில் ஆடு மேயும். பிஏபி என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்துத்தான் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். சின்ன வயதில் எனக்கு அது திருமூர்த்தி அணைத் தண்ணீர். அதற்கு மேலே என்ன என்று யோசித்ததில்லை. அப்பிச்சி வழி முழுக்கக் கையை நீட்டி நீட்டிச் சொன்னார்: மேற்கே கேரளக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் இது. நீராற்றில் மறித்து, மலையைக் குடைந்து, இந்த வெள்ளமலைக் குகை வழியாகச் சோலையாறு அணைக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கிருந்து பரம்பிக்குளம். அணை கேரள மண்ணில், பராமரிப்பு நம்முடையது. அங்கிருந்து இன்னொரு குகை, தூணக்கடவு. அப்புறம் சர்க்கார்பதியில் விழுந்து கரண்டு கொடுத்துவிட்டு, மலைச் சரிவைச் சுற்றிக்கொண்டே காண்டூர் கால்வாயில் 49 கிலோமீட்டர் நடந்து திருமூர்த்தி அணை. அப்புறம்தான் எங்கள் ஊர். காண்டூர் என்பது ஏதோ ஊர் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மலையின் சம உயரக் கோட்டுக்கு இங்கிலீஷில் சொல்கிற ‘கான்டூர்’ தான் எங்கள் வாயில் காண்டூர் ஆகியிருக்கிறது. தம்பிக்கும் தெரியாது. அப்பிச்சியும், “அதொரு ஊரில்லையா?” என்று கேட்டார். அந்த ஒரு நிமிடம் மூன்று தலைமுறையும் ஒன்றாக அசடு வழிந்தோம்.

குகை வாயைப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மலையின் அடிவயிற்றில் ஓர் ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் சளசளவென்று இல்லை, ஒரே கனத்த ஓட்டமாக, நிற்காமல் வெளியே வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் நின்றால் குளிர்ந்த காற்றும் சேர்ந்து வருகிறது, மலை மூச்சு விடுகிற மாதிரி. பெஞ்சு இல்லை, கடை இல்லை. எங்களைத் தவிர பைக்கில் வந்த ஒரே ஒருவர். அவரும் செல்பி எடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்பிச்சி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். கும்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “இது நம்மூருக்கு வந்து சேர எத்தன நாளாகும்?” என்று தம்பியிடம் கேட்டார். நடுவில் இத்தனை அணை இருக்கிறதே, கணக்குப் போட முடியாது என்றான் தம்பி. இந்த இடத்துக்கு நான் மார்க் போடவில்லை. தயவுசெய்து இறங்கிக் குளிக்காதீர்கள். ஓட்டம் மேலே தெரிவதைவிடப் பலம், சுவர் வழுக்கும். கரையோரப் பாறையில் கசிந்து வழிந்ததில் போசியைப் பிடித்து நிரப்பிக்கொண்டோம்.

திரும்பும் வழியில் புதுத்தோட்டம். ரோட்டுக்கு மேலே, மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். தீயணைப்புக் குழாயை வெட்டிக் கட்டியது. மனிதருக்கு இல்லை, சிங்கவால் குரங்குக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, சிங்கத்து வால். ரோட்டில் இறங்கினால் வண்டியில் அடிபடும் என்று பாலம். கீழே காவலுக்கு ஆட்களும் நிற்கிறார்கள், விசில் ஊதி வண்டியை மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். நாங்கள் பார்த்தபோது பெரிய ஆண் குரங்கு ஒன்று பாலத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ரோட்டிலேயே நிதானமாக நடந்து கடந்தது. நம்ம ஊரில் சுரங்கப்பாதை கட்டி வைத்தால் நாம் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. அதற்குப் பின்னால் வந்த தாய் மட்டும் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு பாலத்தில் போனது. பாலம், காவல்காரர், தாய்: மூன்றும் ஃபர்ஸ்ட்.

இறங்கும்போது ரொட்டிக்கடையில் மறுபடி டீ. அப்பிச்சி போசியை மடியில் வைத்துக்கொண்டே நாற்பது வளைவும் இறங்கினார். பாதி தளும்பி வேட்டியில். வீட்டுக்கு இரவு ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தோம். படுக்கப் போகாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்தோரம் போனார். வாய்க்கால் காய்ந்து கிடந்தது, இந்த முறை எங்கள் மண்டலம் இல்லை. போசித் தண்ணீரை மதகுக்குக் கீழே ஊற்றிவிட்டு, “நம்ம பங்கு வந்துருச்சு” என்று சிரித்தார்.

அப்போதுதான் கவனித்தோம், போசியின் மூடி இல்லை. ரொட்டிக்கடையில் இடது பக்கம் மூன்றாவது டீக்கடை, பெஞ்சு மேலே இருக்க வேண்டும். எவர்சில்வர், ஓரத்தில் ‘பொ’ என்று வெட்டியிருக்கும். போகிறவர்கள் யாராவது கேட்டுப் பாருங்கள். டீயும் குடியுங்கள்.